பல் அடைக்கும் வீட்டுப் பசை: எந்தப் பல்லுக்கு ஆகும், எதற்கு ஆகாது

போகி தொடங்கிக் காணும் பொங்கல் வரை பெரும்பாலான பல் கிளினிக்குகள் பூட்டித்தான் கிடக்கும். கரும்பு கடித்து ஃபில்லிங் பெயர்வதும், கேப் கழன்று கையோடு வருவதும் அதே நாட்களில்தான். இந்த நேரத்துக்கென்றே ஆன்லைனில் விற்கிறது ‘டெம்பரரி ஃபில்லிங் கிட்’. சின்ன டப்பாவில் வெள்ளைப் பசை, அள்ளி வைக்க ஒரு பிளாஸ்டிக் குச்சி, அவ்வளவுதான். வாங்கி வைக்கலாமா என்றால், தாராளமாக வைக்கலாம். ஃபில்லிங் விழுந்து, பல் கூசுகிறது, நாக்கில் விளிம்பு குத்துகிறது, ஆனால் வலி இல்லை என்றால் இதைவிட நல்ல பொருள் வீட்டில் இருக்க முடியாது. விண்விண்ணென்று தெறிக்கிற பல்லில் இதை வைத்து அடைப்பதுதான் பெரிய தவறு.

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். தானாகத் தெறிக்கும் வலி, கடித்தால் உயிர் போகிற வலி, ஈறில் கொப்புளம், கெட்ட வாடை, இவை இருந்தால் பல்லின் உள்ளே நரம்பு அழற்சியாகியிருக்கும் அல்லது சீழ் கட்டியிருக்கும். சொத்தைக் குழி திறந்திருக்கிறவரை அந்த அழுத்தம் வெளியேற ஒரு வழி உண்டு. அதைப் பசையால் மூடினால் நள்ளிரவில் வலி இரட்டிப்பாகும். அப்படிப்பட்ட குழியைத் திறந்தே விடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும் கொப்பளித்தால் போதும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ஜிங்க் ஆக்சைடும் கால்சியம் சல்ஃபேட்டும் கலந்து, அப்படியே எடுத்து வைக்கிற பசைதான் வீட்டுக்கு ஏற்றது. எச்சிலின் ஈரத்தில் தானே இறுகும். பொடியையும் கிராம்புத் தைலத்தையும் நாமே குழைக்கிற வகையில் அளவு தப்பினால் இறுகாமல் கூழாகவே நிற்கும். வெந்நீரில் போட்டால் இளகுகிற பிளாஸ்டிக் மணிகளும் ‘பல் ரிப்பேர்’ என்ற பெயரில் விற்கின்றன. விழுந்த பல்லின் இடத்தைப் பார்வைக்கு மறைக்க மட்டுமே அவை உதவும். சொத்தைக் குழியை அவை அடைக்காது, ஓரத்தில் எச்சில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வைக்கும் முறை. மென்மையான பிரஷ்ஷால் குழியில் உள்ள உணவுத் துணுக்கை எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். கொப்பளித்துவிட்டு, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சு உருளை ஒன்றைச் சொருகுங்கள். குழியில் தேங்கிய நீரை மட்டும் ஒற்றி எடுங்கள். முழுக்கக் காய வைத்தால் இந்தப் பசை இறுகத் தாமதமாகும். பட்டாணி அளவு எடுத்து உருட்டி, ஈர விரலால் அல்லது ஈரமான காது பட்ஸால் அடிவரை அழுத்துங்கள். விரல் காய்ந்திருந்தால் பசை பல்லை விட்டுக் கையோடு வந்துவிடும். தடிமன் மூன்றரை, நான்கு மில்லிமீட்டராவது வேண்டும். குழி ஆழமில்லை என்றால் அடுத்த வேளைச் சாப்பாட்டில் பெயர்ந்துவிடும், அது பசையின் குற்றமில்லை.

இனிமேல்தான் பலரும் தவறுவது. பசை இளக்கமாக இருக்கும்போதே மெதுவாகப் பல்லைக் கடித்து, இடமும் வலமுமாக ஒருமுறை அரைத்துப் பாருங்கள். அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் உயரமாக இருக்கிறதென்று பொருள். சுரண்டிக் குறைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு கடிக்கும் அந்தப் பல்லே பாரம் தாங்கி, மாலைக்குள் நோக ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரம் மெல்லக் கூடாது. பிறகும் மறுபக்கமே மெல்லுங்கள். சில நாட்கள் தாங்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேப் கழன்றிருந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் பழைய சிமெண்டைச் சுரண்டிவிட்டு, பசையில்லாமலே முதலில் பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் மட்டும் உட்சுவரில் மெல்லிய பூச்சாகத் தடவிப் பஞ்சைக் கடித்து அழுத்துங்கள். செயற்கைப் பல்செட்டுக்கான ஒட்டும் க்ரீமும் ஓரிரு நாளுக்கு உதவும். ஆட்டம் இருந்தால் இரவில் கழற்றி வைத்துவிடுங்கள், தூக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். கேப்போடு உள்ளே இருந்த கம்பியும் சேர்ந்து வந்திருந்தால் ஒட்ட வேண்டாம். சூப்பர் க்ளூ எக்காரணம் கொண்டும் கூடாது.

சரி, தெறிக்கிற பல்லுக்கு என்ன வழி? மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால்தான், மரத்துப்போகச் செய்வது அதுவே. அரிசி மணி அளவு பஞ்சில் ஒரு சொட்டு விட்டு, பிழிந்து, குழிக்குள் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் புண்ணாகும். குழந்தைகளுக்கு வேண்டாம், விழுங்கினால் கல்லீரலைத் தாக்கும். பென்சோகெயின் உள்ள மரப்பு ஜெல்லையும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று அமெரிக்க எஃப்டிஏ 2018-இல் எச்சரித்திருக்கிறது.

பெரியவர்களுக்கு வலியைப் பிடித்து நிறுத்துவது மாத்திரைதான். ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500-உம் சாப்பாட்டுக்குப் பின் சேர்த்து எடுத்தால், தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். அடுத்த வேளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காம்பிஃப்ளாம் மாத்திரையில் ஏற்கெனவே ஐபுப்ரோஃபென் 400-உம் பாராசிட்டமால் 325-உம் இருக்கிறது. அதற்குமேல் சளி மாத்திரை போட்டால் அதிலுள்ள பாராசிட்டமாலையும் கணக்கில் சேருங்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, கர்ப்பம், டெங்கு சந்தேகம், வலி மாத்திரையால் மூச்சிழுப்பு வந்த அனுபவம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபுப்ரோஃபென் ஆகாது. ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிக்கொள்ளும் பழக்கம் ஈறை வெந்துபோகச் செய்யும். கவுண்டரில் கேட்டு வாங்கும் அரை அட்டை அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக், பல் நரம்பு வலியைக் குறைக்கவே குறைக்காது. இரவில் தலையணை இரண்டாக வைத்து உயர்த்திப் படுங்கள். மட்டமாகப் படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடித் தெறிப்பும் கூடும்.

அடிபட்டு முழுப் பல்லே விழுந்துவிட்டால் எந்தக் கிட்டும் உதவாது, நேரம் ஒன்றுதான் பேசும். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பத்து விநாடி மட்டும் நீரில் அலசி, அதே குழியில் திரும்பச் செருகித் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போடுங்கள். வேர் காய்ந்தபடி ஒரு மணி நேரம் போனால் அதைப் போர்த்தியிருக்கும் செல்கள் இறந்துவிடும். பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

வீக்கம் தாடைக்கு அடியிலோ கண்ணுக்கோ பரவினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், நாக்கு மேலே தூக்கினாற்போல் இருந்தால், வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். மூச்சடைக்கும் நிலைக்குப் போகக்கூடிய தொற்று அது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

கிளினிக் திறந்ததும் பசையின் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். யூஜினால் கலந்த பசை வைத்த பல்லில் பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட் ஃபில்லிங் சரியாக இறுகாது. அதனால் என்ன வைத்தோம் என்பது பல் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.