சுடுநீர் பேஸ்போர்டு ஹீட்டர்: சூட்டுக்கு முழு மதிப்பெண், வேலைக்குச் சற்றுக் குறைவு

சுவரின் அடியோரமாக நீளவாக்கில் பொருத்தியிருந்த பழைய மின்சார பேஸ்போர்டு ஹீட்டர்களைக் கழற்றிவிட்டு, பாய்லரிலிருந்து சுடுநீர் ஓடும் வகையை வீடு முழுவதும் பொருத்தி, ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகே இதை எழுதுகிறேன். சூட்டின் தரத்தில் எனக்குக் குறையில்லை. பொருத்திய வேலையில்தான் நிறைவும் குறையும் கலந்திருக்கின்றன.

கருவியில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. முக்கால் அங்குலச் செப்புக் குழாய், அதன்மேல் நெருக்கமாகக் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள், இரண்டையும் மூடும் உலோக உறை, அவ்வளவுதான். தரையை ஒட்டிய இடைவெளி வழியே குளிர்ந்த காற்று நுழைந்து, தகடுகளுக்கிடையே சூடேறி, மேல்பக்கத் திறப்பின் வழியாக எழுகிறது. விசிறி இல்லாததால் இரைச்சல் இல்லை. ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தால், கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து இறங்கும் காற்றை மேலெழும் சூடான காற்று எதிர்கொண்டுவிடுகிறது. முன்பு ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் கால் சில்லிடும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்ததில் எங்களுக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி: எந்த அறைக்கு எத்தனை மீட்டர் ஹீட்டர் என்பதை எப்படிக் கணக்கிடுவீர்கள்? ஒருவர் தரைப் பரப்பை மட்டும் கேட்டுவிட்டு விலை சொன்னார். நாங்கள் அமர்த்தியவரோ வெளிச்சுவர்களின் நீளம், ஜன்னல்களின் அளவு, கூரையின் வெப்பக்காப்பு எல்லாவற்றையும் அளந்து, ஒவ்வோர் அறையும் இழக்கும் வெப்பத்தைத் தனித்தனியே கணக்கிட்டார். இந்தக் கணக்கில் நீரின் வெப்பநிலைதான் உயிர்நாடி. 82 டிகிரி செல்சியஸில் ஓடும் நீர், சாதாரண அளவுள்ள ஹீட்டரின் ஒரு மீட்டரிலிருந்து ஏறக்குறைய 550 வாட் வெப்பம் தரும். அதே நீரை 60 டிகிரியில் ஓடவிட்டால் கிடைப்பது ஏறத்தாழப் பாதிதான். ஆகவே 82 டிகிரியில் 3 மீட்டர் போதுமான அறைக்கு, 60 டிகிரியில் கிட்டத்தட்ட 6 மீட்டர் தேவைப்படும். புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்சிங் பாய்லர் தன் சிக்கனத்தைக் காட்ட வேண்டுமானால், திரும்பி வரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் சுவர் இடம் கொடுத்த அறைகளிலெல்லாம் கணக்குக்கு மேலேயே நீளமாகப் பொருத்தச் சொன்னோம். வெளியே குளிர் குறைந்தால் நீரின் சூட்டையும் தானே குறைத்துக்கொள்ளும் சென்சார் இருப்பதால், கடுங்குளிர் நாள்களைத் தவிர மற்ற நாள்களில் பாய்லர் நிதானமாகவே ஓடுகிறது.

குழாய்ப் பாதையிலும் யோசித்தே வேலை செய்திருந்தார்கள். ஒரே குழாயை அறை அறையாகக் கொண்டுபோவது மலிவு. ஆனால் கடைசி அறைக்குச் சூடு குறைந்த நீரே போய்ச் சேரும். முக்கால் அங்குலக் குழாயில், பாய்லரிலிருந்து கிளம்பி அதற்கே திரும்பும் ஒரு சுற்றுக்குச் சுமார் 20 மீட்டர் ஹீட்டருக்கு மேல் இணைப்பது சரிவராது என்று சொல்லி, மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனிச் சுற்று, அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தனித்தனி தெர்மோஸ்டாட் என்று பிரித்தார்கள். கடைசி அறைகளில் மட்டும் நீளத்தைக் கூட்டினார்கள். சுவரை மூடும் முன் குழாய்களில் காற்றழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று சோதித்ததையும் பாராட்ட வேண்டும்.

குறை சத்தத்தில் வந்தது. செப்பு, சூடேறினால் நீளும். 10 மீட்டர் குழாய் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீண்டுவிடும். படுக்கையறையில் குழாய் தரைப்பலகையைத் துளைத்து ஏறும் இடத்தில், துளையைக் குழாயின் அளவுக்கே இறுக்கமாகப் போட்டிருந்தார்கள். பாய்லர் ஓடத் தொடங்கியதும் குழாய் மரத்தை உரசி உரசி நகர, நள்ளிரவில் "டிக், டிக்" என்று சத்தம் கேட்கும். புகார் செய்ததும் வந்து துளையைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் வளையம் செருகினார்கள், சத்தம் நின்றது. கட்டணம் கேட்கவில்லை என்றாலும், தொழில் தெரிந்தவர்கள் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது. மாடிச் சுற்றில் நீர் சலசலத்ததற்கு உள்ளே தங்கிய காற்றே காரணம். உச்சியிலுள்ள சிறு வால்வைத் திறந்து, சீறிக்கொண்டு வந்த காற்று போய் நீர் சொட்டும்வரை காத்திருந்து மூடியதோடு அது சரியாயிற்று.

அமைப்பின் இயல்பான குறைகளும் உண்டு. சோபாவையோ கட்டிலையோ சுவரோடு ஒட்டிப் போட முடியாது. தடித்த கம்பளம் கீழ் இடைவெளியை அடைத்தால் சூடு வெகுவாகக் குறைந்துவிடும். தகடுகள் கை பட்டாலே வளையும் என்பதால் தூசியை வாக்குவம் கிளீனரின் தூரிகை முனையால் பதமாக எடுக்க வேண்டும். கோடையில் இதனால் பயனில்லை. அலமாரிகள் சுவரை நிறைத்த சமையலறைக்கு இது பொருந்தவே பொருந்தாது; அங்கே அலமாரிக்கு அடியில் சிறு விசிறியுடன் வேறொரு சுடுநீர் ஹீட்டரை வைக்க நேர்ந்தது.

மூலை மூடிகள் இரண்டு இன்னும் சரியாக உட்காரவில்லை. பாக்கித் தொகையின் கடைசித் தவணையை, பாய்லரை முழுச் சூட்டில் ஓடவிட்டு, அறை அறையாக நின்று சத்தம் கேட்டுப் பார்த்த பிறகே கொடுப்பது நல்லது.