கோல்டு கோஸ்டைப் பார்க்க செக்வேயா, சைக்கிளா, நடையா?

சிகாகோவின் மையப்பகுதிக்குச் சற்று வடக்கே, மிச்சிகன் ஏரியை ஒட்டியிருக்கிறது கோல்டு கோஸ்ட். 1880களில் வணிகர் பாட்டர் பாமர் இங்கே கோட்டை போல ஒரு மாளிகையைக் கட்டிக் குடியேறினார். நகரத்துச் செல்வந்தர்களும் அவரைத் தொடர்ந்து வந்து சேர்ந்தனர். உள்ளிருந்து மட்டுமே திறக்கும்படி, வெளிப்பக்கம் கைப்பிடியே வைக்காத கதவுகள் கொண்ட அந்த மாளிகையை 1950இல் இடித்துவிட்டார்கள். அக்காலத்து வீடுகள் பல இன்னும் நிற்பது, அதற்குப் பின்னால் இருக்கும் ஆஸ்டர் தெருவிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான்.

சிகாகோவில், நின்றபடி ஓட்டும் இருசக்கர மின்வண்டியான செக்வேயில் வழிகாட்டியுடன் சுற்றுவது பல ஆண்டுகளாக இருந்துவரும் பொழுதுபோக்கு. ஏறி நின்று முன்னால் சாய்ந்தால் வண்டி நகரும், பின்னால் சாய்ந்தால் வேகம் குறையும். உள்ளே இருக்கும் சுழல் உணரிகள் நம் சாய்வை அளந்து, விழாதபடி சக்கரங்களை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. அதிகபட்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். கால் மணி நேரப் பயிற்சியில் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். மகிழ்ச்சியான அனுபவம் என்பதை மறுக்கவே மாட்டேன். ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நம்மைத் தூக்கி நிறுத்துவதால், வேலிக்கு அப்பால் இருக்கும் தோட்டமும் கண்ணில் படும்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். டிவிஷன் தெருவில் தொடங்கி நார்த் அவென்யூவில் முடியும் ஆஸ்டர் தெருவின் மொத்த நீளமே ஏறத்தாழ 800 மீட்டர். முழு வேகத்தில் போனால் இரண்டரை நிமிடத்தில் தெரு தீர்ந்துவிடும். மெதுவாகப் போகலாமே என்றால், பிறகு வண்டி எதற்கு? வரிசையில் ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது பார்வை முன்னால் போகிறவரின் முதுகிலும் நடைபாதை விளிம்பிலும்தான் இருக்கும். தலைக்கவசத்துடன் ஏழெட்டுப் பேர் ஊர்ந்து வருவதைத் தெருக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்பது வேறு.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடக்க வேண்டாம் என்பது உண்மை. ஆனால் சுற்று முடியும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும், அதுவும் முழங்காலைத் தளர்வாக வைத்துக்கொண்டு. மூட்டு வலி உள்ளவருக்கு இது நடையைவிடக் கொடுமை. புடவையோடு ஏறுவதை நினைக்கவே வேண்டாம். இந்த இருசக்கர செக்வேயின் தயாரிப்பும் 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே, வாடகைக்குக் கிடைக்கும் வண்டி எவ்வளவு பழையது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சைக்கிளுக்கு வருவோம். நகரமெங்கும் 2013 முதல் டிவ்வி வாடகைச் சைக்கிள்கள் இருக்கின்றன. செக்வே சுற்றுலாவோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஏரிக்கரையோரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டருக்கு நீளும் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. கோல்டு கோஸ்டின் உள்தெருக்களில் மட்டும் கவனம் தேவை: 12 வயது நிரம்பியவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்ட நகரச் சட்டம் அனுமதிப்பதில்லை. கார்களுக்கு நடுவே மிதித்தபடி மாடங்களை அண்ணாந்து பார்க்க முடியாது.

நடைக்கு மட்டும் கிடைப்பவற்றைச் சொல்லத் தொடங்கினால் பட்டியல் நீளும். ஆஸ்டர் தெருவின் சார்ன்லி வீட்டை 1890களின் தொடக்கத்தில் கட்டியது ஆட்லர்–சல்லிவன் நிறுவனம். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிராங்க் லாயிட் ரைட் அப்போது அங்கே வரைவாளராக இருந்த இளைஞர். அக்கம்பக்கத்தில் அலங்காரம் வழியும்போது, இது மட்டும் வெறும் செங்கல் சுவரும் ஒரு மாடமுமாக நிற்கிறது. அந்தத் துணிச்சல் புரிய எதிர்ப்பக்கம் போய்ச் சில நிமிடமாவது நிற்க வேண்டும். வடகோடியில் 1885இல் எழுந்த பேராயர் இல்லத்துக்குப் பத்தொன்பது புகைபோக்கிகள், எண்ணிப் பாருங்கள். அதன் பின்புறச் சந்தில் 1909இல் பாவிய மரக்கட்டைத் தளத்தை 2011இல் புதுப்பித்திருக்கிறார்கள். ஏரியைப் பார்த்த மாளிகைகளில் ஒன்று இன்று அறுவைச் சிகிச்சை அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கினால் உள்ளேயே போகலாம். செக்வேக்காரருக்கு அதன் வாசல் மட்டும்தான்.

இதே பகுதியின் டியர்பார்ன் தெருவில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் திரட்டிக் கொடுத்த பணத்தின் துணையோடு 1893இல் சிகாகோ வந்த விவேகானந்தர், முகவரியைத் தொலைத்து, பல வாசல்களில் விரட்டப்பட்டு, களைத்துத் தெருவோரம் உட்கார்ந்தார். எதிர்வீட்டிலிருந்து வந்த திருமதி ஹேல் அவரை அழைத்து உபசரித்து, சர்வசமயப் பேரவை அலுவலகத்துக்குக் கூட்டிச் சென்றார். அந்த வீடு இப்போது இல்லை.

என் பரிந்துரை இதுதான். ரெட் லைன் ரயிலில் கிளார்க்–டிவிஷன் நிலையத்தில் இறங்கி, டியர்பார்ன் வழியாக வடக்கே நடந்து, ஆஸ்டர் தெரு வழியாகத் தெற்கே திரும்புங்கள். வரலாற்றோடு கேட்க விரும்பினால், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் நடைச் சுற்றுலாக்களில் இந்தப் பகுதிக்கு உரியது இருக்கிறதா என்று பாருங்கள். செக்வே ஆசை தீரவில்லை என்றால் கோடைக் காலையில் ஏரிக்கரைச் சுற்றொன்றுக்குப் பதிவு செய்யுங்கள். அங்கே வேகத்துக்குப் பொருள் உண்டு. தரை உறைந்திருக்கும் மாதங்களில் அதுவும் வேண்டாம்.