மாடர்ன் பிரெட் – 35 வருஷமா சாப்பிடுறவனோட அனுபவம்

எங்க வீட்ல காய்ச்சல் வந்தாதான் பிரெட்டு, அதுவும் மாடர்ன்தான். அப்பா கடையில "பிரெட் குடுங்க"ன்னு கேட்டு நான் பாத்ததே இல்ல, "ஒரு மாடர்ன் குடுங்க"ன்னுதான் கேப்பாரு. மெழுகுத்தாள் சுத்தி வரும், ரெண்டு முனையிலயும் மடிச்சு ஒட்டியிருக்கும், அந்த மடிப்ப நகத்தால கிளப்பினதும் ஒரு வாசனை வரும் பாருங்க, வாய்க்கசப்பெல்லாம் மறந்துடும். சூடான பால்ல முக்கினா சட்டுனு எடுத்துடணும், கொஞ்சம் அசந்தா டம்ளர் அடியில போய் உக்காந்துக்கும், அப்புறம் ஸ்பூன்தான். அந்தத் தாள அம்மா தூக்கிப் போட மாட்டாங்க, இஸ்திரிப் பெட்டி துணியில ஒட்ட ஆரம்பிச்சா சூட்டோட அதுல ஒரு தேய் தேய்ப்பாங்க, வழுக்கிட்டு ஓடும்.

அது கவர்மெண்ட் பிரெட்டுன்னு எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது. 1965-ல மத்திய அரசு ஆரம்பிச்ச கம்பெனி, ஆசிய நாடுகள் வளர உதவி பண்றதுக்காக இருந்த கொழும்பு திட்டத்துல ஆஸ்திரேலியா உதவி பண்ணுச்சு. எனக்குப் பெருமையா இருக்கிற விஷயம் என்னன்னா, சும்மா மைதாவ சுட்டு விக்காம அதுல விட்டமின் சேத்தாங்க, லைசின்னு புரதத்துல இருக்குற ஒரு சத்தும் சேத்தாங்க. கோதுமைப் புரதத்துல லைசின் கம்மி, நம்ம பருப்புல அது நிறைய, பருப்பு இல்லாம வெறும் பிரெட்ட சாப்பிடுற ஆளுக்கு அந்தக் குறைய ஈடு கட்டணும்னு யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க. 1977-ல கோகோ கோலா இந்தியாவ விட்டுப் போனப்ப டபுள் செவன்னு கூல்ட்ரிங்ஸ் கொண்டு வந்ததும் இதே கம்பெனிதான்.

2000 ஜனவரில 74 சதவீதப் பங்க 105 கோடி சொச்சத்துக்கு ஹிந்துஸ்தான் லீவர்கிட்ட வித்தாங்க. அப்புறம் 2016-ல எவர்ஸ்டோன்னு ஒரு முதலீட்டுக் கம்பெனி கைக்குப் போச்சு, 2021-ல மெக்சிகோவோட பிரெட் கம்பெனி குருப்போ பிம்போ வாங்கிடுச்சு. இத்தனை கை மாறியும் பேர மட்டும் யாரும் தொடல, அது போதும் எனக்கு.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தேதிய பாத்து வாங்குங்க. ஒரு கடையில பிரெட்ட வெயில் படுற இடத்துல அடுக்கி வச்சிருந்தாங்க, வீட்டுக்கு வந்து பிரிச்சா உள்ள பச்சைப் பூஞ்சை. ஃப்ரிட்ஜ்ல வச்சா பூஞ்சை லேட்டாகும், ஆனா வெறைச்சுப் போயிடும், அதனால ரெண்டு நாள்ல தீருற அளவுக்கு சின்ன பாக்கெட்டே வாங்குறேன். தோசைக்கல்லுல நெய் விட்டு ஓரம் செவக்குற வரைக்கும் போட்டு எடுத்தா என் பொண்ணு நாலு ஸ்லைஸ் சாப்பிடுவா, காய்ச்சல் இல்லாத நாள்லயே.