பழைய ரிசீவர்: மொத்தமாகப் பிடுங்குவதா, ஒவ்வொன்றாகத் தேடுவதா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டில் ஒரு பயனியர் எஸ்எக்ஸ்-780 ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டியில்), கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மச்சான் வீட்டில் ஒரு எஸ்எக்ஸ்-680. இரண்டும் 1970களின் கடைசியில் வந்த ஜப்பான் சரக்கு. முன்னது சேனலுக்கு 45 வாட், பின்னது 30. என்னுடையது சொல்தாவாக (பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக) இருந்த பெரியப்பா பிரான்சிலிருந்து வரும்போது கூடவே தூக்கிவந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கூரை ஒழுகி அதன் தலையில் தண்ணீர் இறங்கியதும் பழைய வேட்டியைச் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். மச்சான் செட்டு இங்கே சண்டே மார்க்கெட்டில் வாங்கியது, அதற்கு முன்னால் யார் வீட்டில் என்ன பாடு பட்டதோ. இரண்டையும் ஒரே மாதத்தில் கையில் எடுத்தோம். அவன் ஒரு வழியில் போனான், நான் ஒரு வழியில் போனேன்.

அவன் வழி: மெக்கானிக்கிடம் கொடுத்து, உள்ளே இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்து விடுகிற, வயசானால் காய்ந்துபோகிற சின்ன டப்பாக்கள்) அத்தனையையும் பிடுங்கிப் புதிதாகப் போடுவது. என் வழி: எது கெட்டதோ அதைத் தேடி அதை மட்டும் தொடுவது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கையகலப் புது ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்றை வைப்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒன்று. பல வருடம் தூங்கின செட்டை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். மூடியைக் கழற்றிப் பாருங்கள். என் செட்டில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு பல்லி வத்தலாகக் காய்ந்து கிடந்தது, கூடவே இரண்டு முட்டை. தூசு தட்டியபின் கரண்ட் கொடுக்க வேரியாக்கா, சீரியஸ் பல்பா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. வேரியாக் என்பது குமிழைத் திருப்பி வோல்டேஜை மாற்றுகிற டிரான்ஸ்பார்மர், வோல்டேஜை மெதுவாக ஏற்றும், ஆனால் உள்ளே ஷார்ட் இருந்தால் கரண்ட்டை அது தடுக்காது. செட்டுக்கு சீரியஸில் போட்ட 100 வாட் குண்டு பல்பு தடுக்கும். ஆன் செய்ததும் பல்பு ஒரு நொடி பளிச்சென எரிந்து மங்கினால் நிம்மதி. மங்காமல் முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு ஷார்ட்டைத் தேட வேண்டியதுதான். எல்இடி பல்பு இதற்கு உதவாது, பழைய டங்ஸ்டன் பல்புதான் வேண்டும். இன்றைக்கு அதைத் தேடி வாங்குவதே ஒரு வேலை. என் ஓட்டு பல்புக்குத்தான்.

அப்புறம் பின்பக்க வோல்டேஜ் செலக்டர். பெரியப்பா செட்டு பிரான்சில் 220-இல் ஓடியது, அதே இடத்திலேயே நின்றது. எங்கள் தெருவில் ராத்திரி பதினொரு மணிக்கு அளந்தால் 245 காட்டுகிறது. 220-இலேயே விட்டிருந்தால் உள்ளே ஒவ்வொரு சப்ளையும் பதினொரு சதவீதம் ஏறி நிற்கும். செலக்டரை 240-க்குத் திருப்புவது இரண்டு நிமிட வேலை, காசும் கிடையாது. அமெரிக்காவிலிருந்து வந்த, செலக்டரே இல்லாத 120 வோல்ட் செட்டென்றால் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

சரி, மச்சான் கதை. மெக்கானிக் "எல்லாத்தையும் மாத்திடலாம் தம்பி, இருபது வருஷத்துக்குக் கவலை இல்ல" என்று சொல்லி அறுபதுக்கு மேல் கெபாசிட்டர் மாற்றினார். செட்டு திரும்பி வந்தபோது இடது பக்கம் ஹம் என்று ஓயாத உறுமல், எஃப்.எம்.மில் ஸ்டீரியோ விளக்கே எரியவில்லை. போவதற்கு முன்னால் ஸ்டீரியோ நன்றாகவே எரிந்தது, நானே பார்த்தேன். ஒரு கெபாசிட்டரைத் தலைகீழாகப் போட்டிருந்தார், அது வயிறு உப்பி நின்றதால் கண்ணில் பட்டது. அதை மாற்றியதும் ஹம் போனது. ஸ்டீரியோ வரவில்லை. கேட்டால், ட்யூனர் பக்கம் இருக்கிற டப்பா டப்பாவான காயில்களையும் "லேசா" திருப்பி வைத்தாராம். 10.7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒத்துவைத்த காயில்கள் அவை, சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் ஸ்க்ரூடிரைவரோடு அங்கே போனால் பழைய இடத்துக்குத் திரும்ப வழியே கிடையாது.

மொத்தமாக மாற்றுவதில் எனக்குள்ள பெரிய குறையே இதுதான். அறுபது பாகத்தை ஒரே மூச்சில் மாற்றினால் நூற்றிருபது ஈயப் புள்ளிகள் புதிதாக முளைக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு கோளாறு வந்தால் அது பழைய கோளாறா, நாம் செய்த கோளாறா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு போர்டை முடித்து, போட்டுப் பார்த்து, அளந்து, அப்புறம் அடுத்த போர்டு என்று போகிற ஆளிடம் கொடுத்தால் இந்த வழி நல்ல வழிதான், பல வருடம் நிம்மதியாக ஓடும். அப்படிப் பொறுமையாகச் செய்கிற ஆள் நம் ஊரில் அகப்படுவது கஷ்டம். அவர்களைக் குறை சொல்லவும் மனசில்லை, அத்தனை மணி நேரத்துக்குக் கூலி யார் கொடுக்கிறோம்?

என் செட்டுக்கு மூன்று வியாதி. வால்யூம் திருப்பினால் கரகர. இடது பக்கம் சன்னமாகக் கேட்டு, சத்தத்தைக் கூட்டினால் திடீரென முழுசாக வரும். வலது பக்கம் பாட்டே இல்லாதபோதும் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். மூன்றில் ஒன்றுகூட எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரால் வந்ததில்லை.

கரகரப்புக்குக் காரணம் உப்புக் காற்று. கடலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற வீட்டில் ஸ்விட்ச், வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர் எல்லாம் கறுத்துத்தான் போகும். இங்கேயும் இரண்டு கட்சி. வீட்டில் கிடக்கிற துரு எடுக்கிற ஸ்ப்ரேயை அடிப்பவர்கள் ஒரு கட்சி. அது அன்றைக்கு வேலை செய்யும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். காண்டாக்டுக்கென்றே வரும் கிளீனர் விலை கூடுதல், ஆனால் ஒரு டப்பா எனக்கு மூன்று செட்டுக்கு வந்தது. பொட்டென்ஷியோமீட்டருக்குள் கொஞ்சமாக அடித்து முப்பது தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்ப வேண்டும், டேப் மானிட்டர் ஸ்விட்சையும் (ரேடியோவை விட்டு வெளியே இணைத்த டேப் ரெக்கார்டரைக் கேட்க வைப்பது) அப்படியே அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். (சத்தமே வராத செட்டுகளில் பாதி, யாரோ டேப் மானிட்டரை அழுத்திவிட்டு மறந்தவைதான்.) டயல் கண்ணாடியின் பின்பக்கம் மட்டும் எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம், எழுத்து கையோடு வந்துவிடும்.

சத்தம் கூட்டினால் திரும்பி வரும் சேனல், பெரும்பாலும் ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கிற தானியங்கி ஸ்விட்சான ரிலேயின் வேலை. ஆன் செய்து சில நொடி கழித்து 'டிக்' என்று கேட்குமே, அந்த ரிலேதான். முனைகள் கறுத்திருந்தால் சின்ன சிக்னல் தாண்டாது, பெரிய சிக்னல் தள்ளிக்கொண்டு போய்விடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் கெடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டை நடுவில் விட்டு இழுத்தேன், கறுப்பாக வந்தது. இதைவிடப் புது ரிலேயே மேல், ஆனால் காயில் வோல்டேஜும் கால்களின் அமைப்பும் ஒத்துப் போக வேண்டும். எனக்கு ஒத்துப் போனது கிடைக்கிற வரைக்கும் சுத்தம் செய்ததே ஓடுகிறது.

மழை இரைச்சலுக்குத்தான் இரண்டு ஞாயிறு போனது. அந்தக் காலப் பயனியர் செட்டுகள் பலவற்றில் 2எஸ்ஏ726 என்று ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கும், வயசானால் இரைவதற்குப் பேர்போனது. அதற்குப் பதில் கேஎஸ்ஏ992 போடலாம், கால் வரிசையும் அதே. வலது பக்கத்தில் மாற்றினேன், மழை நின்றது. இடது பக்கத்தில் இரையாததையும் மாற்றிவிட்டேன், அது மட்டும் கொள்கை மீறல்.

மொத்தமாக மாற்றுகிறவர்கள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், பவர் சப்ளையில் இருக்கிறது. ரெகுலேட்டர் போர்டில் சூடாகும் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் வெந்த கெபாசிட்டர்களை அளக்காமலே மாற்றலாம். எட்டு மாற்றினேன், எல்லாம் 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகம், வோல்டேஜ் பழையதற்குச் சமமாகவோ ஒரு படி மேலோ. அவற்றின் அடியில் ஊற்றிய பழுப்புப் பசை கறுத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், ஈரக்காற்றில் அது கரண்ட்டையும் கடத்தும், கம்பிகளையும் அரிக்கும். பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களை ஸ்க்ரூடிரைவர் வைத்து ஷார்ட் செய்து வீரம் காட்டாமல் 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக வடியவிடுங்கள். கடைசியில், ஸ்பீக்கர் கழற்றின நிலையில் ஸ்பீக்கர் முனைகளில் டிசி (ஸ்பீக்கரைக் கெடுக்கும் நேர்மின்னோட்டம்) கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு இடது 18, வலது 31 மில்லிவோல்ட். ஐம்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்குப் பிறகும் முதல் நாள் பழைய டப்பா ஸ்பீக்கரில்தான் பாட விட்டேன்.

780-இன் பலவீனம் அதன் எஸ்டிகே-0050. பவர் டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் சேனலுக்கு ஒரு கட்டியாக வரும் ஐசி. இது போனால் கதை மாறும். ஒருமுறை வேறொரு செட்டுக்காக சென்னையில் ஒரு கடையில் 'புது' எஸ்டிகே வாங்கினேன், கையில் எடுத்தபோதே எடை குறைவாகப்பட்டது, பத்து நிமிடத்தில் சூடேறிப் போய்ச் சேர்ந்தது. இந்த இடத்தில் புதுசைவிட, செத்த செட்டிலிருந்து கழற்றின பழைய ஒரிஜினலே மேல்.

செட்டின் இரண்டு எஸ்டிகேயும் போய், ஒரிஜினலும் கிடைக்காத நிலையில்தான் மூன்றாவது வழியை நான் யோசிப்பேன். டிபிஏ3116 ஐசி போட்ட, சூடாகாமல் சிக்கனமாக ஓடும் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர் போர்டு, பழைய லேப்டாப் அடாப்டர், இரண்டும் சேர்ந்து ஒரு வேளை பிரியாணிச் செலவை ஒட்டித்தான் வரும். அறைக்குப் போதுமான சத்தம், சூடே இல்லை. பக்கத்தில் வைத்துக் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தனி டப்பாவில் வையுங்கள். நல்ல டிரான்ஸ்பார்மரும் ட்யூனரும் உள்ள செட்டின் வயிற்றைக் கிழித்து அதை வைக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஸ்டேஷன் முள்ளை நகர்த்தும் டயல் கயிறு மட்டும் பாக்கி இருந்தது. தூண்டில் நைலான் நரம்பு போட்டேன், நீண்டு வழுக்கி முள் பாதியில் நின்றது. மீனவர் பகுதியான வைத்திக்குப்பத்தில் ஓர் அண்ணன் சிரித்துக்கொண்டே பின்னல் நரம்பு கொடுத்தார், அது நீளவில்லை, வழுக்கவும் இல்லை. ரெயின்போ எஃப்.எம். இப்போது ஸ்டீரியோ விளக்கோடு வருகிறது.

மச்சானை அடுத்த ஞாயிறு செட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன். குண்டு பல்பு அவன் வாங்கி வர வேண்டும், என்னுடையது போன வாரம் ஃப்யூஸ் போய்விட்டது.