குட்டியானையில் லோடு கட்ட எந்தக் கயிறு, எந்த முடிச்சு?

மன்னார்குடி பக்கம் வைக்கோல், நெல் மூட்டை, வாழைத்தார் என்று கிடைத்த லோடையெல்லாம் ஏற்றும் குட்டியானை எங்களுடையது. பல வருஷமாக விதவிதமான கயிறுகளில் கட்டிப் பார்த்தாகிவிட்டது.

கடையில் நைலான் என்று சொல்லிக் கொடுக்கும் பச்சை, நீலக் கயிற்றில் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கிவிடும். மிதக்கிற கயிறு விலை மலிவு, மழையில் ஊறாது. ஆனால் வழவழவென்று இருப்பதால் முடிச்சு நெகிழும், வெயிலில் கிடந்து கிடந்து பொடியும். தடவினால் தூள் ஒட்டுகிறதா, லோடு கட்ட அது இனி ஆகாது. அசல் நைலான் நல்ல வலு. ஆனால் இழுபடும், நனைந்தால் இன்னும் மோசம். ஐப்பசி மழையில் கட்டு தளர்ந்துகொண்டே வரும். அதனால் இப்போது எங்கள் வண்டியில் பாலியெஸ்டர்தான்.

முடிச்சு, லாரிக்காரர்கள் எல்லோரும் போடுவதுதான். ஒரு முனையைக் கொக்கியில் கட்டி, கயிற்றை லோடுக்கு மேலே வீசி, மறுபக்கம் நடுக்கயிற்றில் ஒரு கண்ணி. மிச்சக் கயிற்றைக் கீழ்க் கொக்கியில் வளைத்துக் கண்ணிக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுக்க வேண்டும். கணக்குப்படி இழுப்பு மூன்று மடங்காகும். கயிறோடு கயிறு உரசுவதில் பாதி போய்விடும். ஒன்றரை மடங்கு கிடைத்தாலே லாபம். இழுத்த இறுக்கம் விடாமல் விரலால் அமுக்கிக்கொண்டு இரண்டு அரைமுடிச்சு, அப்புறம் ஒரு சாண் வால் விடுங்கள். கண்ணியை எப்போதும் ஒரே இடத்தில் போட்டால் அந்த இடம் தேய்ந்து அறும்.

கட்டி முடித்ததும் லோடைத் தோளால் மோதுவேன். வண்டியும் சேர்ந்து ஆடினால் சரி. லோடு மட்டும் ஆடினால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான். வால் முடிச்சை விட்டு வெளிவரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. வழியில் அந்தக் கோடு உள்ளே போயிருந்தால் முடிச்சு வழுக்குகிறது. கோடு நகராமல் கயிறு மட்டும் தொய்ந்திருந்தால் லோடு அமுங்கியிருக்கிறது. வைக்கோலில் இது நடந்தே தீரும். நெல் மூட்டை அவ்வளவு அமுங்காது. அதனால் வைக்கோல் ஏற்றினால் கிளம்பிய சில கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி இறுக்குவோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டிருந்தால் இன்னொரு முறை. அங்கே அதற்கு நேரம் தாராளமாகவே கிடைக்கும்!

பல்சக்கரம் வைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட்டும் வைத்திருக்கிறோம். பவர் டில்லர், மோட்டார் மாதிரி அமுங்காத சாமானுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. வைக்கோலுக்கு வேண்டாம், கட்டுக்குள் வெட்டிக்கொண்டு இறங்குகிறது. சேறும் தூசியும் பட்டால் பல்சக்கரம் சிக்கிக்கொள்ளும், அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும். கயிறோ பெல்ட்டோ, இரும்பு விளிம்பில் உரசுகிற இடத்தில் பழைய டயர் டியூப் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள்.