டீனா ப்ரூக்ஸ்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

டீனா என்றதும் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். ஹெரால்டு ஃப்ளாய்டு ப்ரூக்ஸ் என்பதுதான் பெயர். ஆள் பொடிசாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் டீனா. 1958 முதல் 1961 வரை ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக நான்கு ஆல்பங்களைத் தன் தலைமையில் வாசித்தார், டெனர் சாக்ஸபோனில். உயிரோடு இருந்தவரை கடைக்கு வந்தது ஒன்றே ஒன்று. 1974-ல், 42 வயதில் போய்ச் சேர்ந்தார்.

வெளிவந்த அந்த ஒன்று 'ட்ரூ ப்ளூ', 1960 ஜூன் 25-ல் பதிவானது. யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். காட்டலாம்தான்: ஆறு டியூன்களில் ஐந்து அவரே போட்டவை. 'குட் ஓல்டு சோல்' ஒருமுறை காதில் விழுந்தால் நாள் முழுக்க வாய் முணுமுணுக்கும். ஆனால் பக்கத்தில் டிரம்பெட்டோடு நிற்பவர் 22 வயது ஃப்ரெடி ஹப்பார்டு. ஆறு நாள் முன்புதான் இதே ப்ரூக்ஸைச் சேர்த்துக்கொண்டு தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவர், அந்தச் சூடு ஆறாமலே வந்திருக்கிறார். அவர் ஊத ஆரம்பித்தால் என் காது அவர் பின்னால் போய்விடுகிறது. டியூன் போட்ட ப்ரூக்ஸை அறிய இந்த ஆல்பம். வாசித்த ப்ரூக்ஸை அறிய இது போதாது.

அதற்கு 1958 மார்ச்சில் பதிவான 'மைனர் மூவ்'. அவர் இறந்த பிறகுதான் முதலில் ஜப்பானில் வெளிவந்தது. சொந்த டியூன் இரண்டுதான், மற்ற மூன்றும் ஏற்கெனவே ஊரறிந்த மெட்டுகள். எனக்கு அதுவே வசதி: மெட்டு தெரிந்திருப்பதால், இவர் அதை எங்கே வளைக்கிறார் என்பது பளிச்சென்று கேட்கிறது. 'தி வே யூ லுக் டுநைட்' வேகமான ஓட்டம். பின்னால் ஆர்ட் பிளேக்கி டிரம்ஸை உருட்டி விரட்டுகிறார், பக்கத்தில் டிரம்பெட்டோடு 19 வயது லீ மோர்கன். ப்ரூக்ஸ் பதறுவதே இல்லை. ஒரு சொற்றொடரைத் தொடங்கி, முடிந்தது என்று நாம் நினைக்கும் இடத்தைத் தாண்டி, மூச்சு விடாமல் நீட்டிக்கொண்டே போகிறார். தொனியும் பெரிதில்லை; கொஞ்சம் உலர்ந்த, தணிந்த குரலில் பேசுகிற மாதிரி. என் ஓட்டு இதற்குத்தான்.

'பேக் டு தி ட்ராக்ஸ்' கதைதான் வயிற்றெரிச்சல். வரிசை எண் கொடுத்து, அட்டைப்படமும் தயாரான பிறகு கிடப்பில் போட்டுவிட்டார்கள். 1985-ல் மொசைக் நிறுவனம் நான்கையும் ஒரே பெட்டியாகக் கொண்டுவந்தபோதுதான் அதற்கு விடிவு. 'ஸ்ட்ரீட் சிங்கர்' ஒன்றில் மட்டும் ஜாக்கி மெக்லீன் ஆல்ட்டோ சாக்ஸபோனோடு வந்து சேர்கிறார். அதற்காகவே இரண்டாவதாக இதைக் கேட்கலாம், 'ட்ரூ ப்ளூ'வுக்கும் முன்னால். 1961-ல் பதிவான 'தி வெயிட்டிங் கேம்' கடைசியில் போதும்.

முழு ஆல்பத்துக்குப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு: ஆர்கன் வாசிப்பவரான ஜிம்மி ஸ்மித்தின் 'தி செர்மன்'. ஒரே டியூன், 20 நிமிடம், நடுவில் ப்ரூக்ஸும் உண்டு.