டெய்லர் சட்டையா, ரெடிமேட் சட்டையா?

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சட்டைத்துணிதான். கல்யாணத்தில் வைத்துக் கொடுத்தது, கிரகப்பிரவேசத்துக்கு வந்தது, மச்சான் தீபாவளிக்கு எடுத்தது என்று ஏழெட்டு பிட் கிடக்கும். மேல்தட்டில் ஹேங்கரில் தொங்குவது எல்லாம் ரெடிமேட். ஆடித் தள்ளுபடியில் நான் இரண்டு சட்டையோடு வீடு திரும்பும்போதெல்லாம் மனைவி கேட்பது ஒரே கேள்வி: "கீழ இருக்கறத எப்பதான் தைக்கப் போறீங்க?"

இந்த வருடம் தைத்துவிட்டேன். அதே மாதம் ரெடிமேடிலும் ஒன்று வாங்கி, இரண்டையும் ஆபீசுக்கு மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். இதைப் பற்றி நண்பர்களிடம் பேச்செடுத்தால் இரண்டே கட்சிதான். "டெய்லர் பின்னாடி எவன் அலையறது" என்பது ஒன்று, "தைச்சுப் போடற மாதிரி வருமா" என்பது இன்னொன்று. சண்டை போடுமுன் சட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய முதல் இடம் தோள். கையை உடம்போடு சேர்க்கும் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அது புஜத்தில் இறங்கினால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் இருக்கும். கழுத்துப் பக்கம் ஏறினால் முதுகு இழுக்கும். இந்த ஒன்று சரியாக அமைந்துவிட்டால் மற்ற குறைகள் கண்ணில் படாது. இது தப்பினால் எவ்வளவு விலை கொடுத்த சட்டையும் எடுபடாது.

ரெடிமேடுக்குச் சிக்கல் இங்கேதான். இருபத்தைந்து வயதில் அந்தச் சிக்கல் தெரியாது. மார்பும் வயிறும் கம்பெனிக்காரர்கள் நினைத்த கணக்கிலேயே இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அப்படி இல்லை. தொப்பைக்கு பட்டன் போடும் சைஸ் எடுத்தால் தோள் இறங்குகிறது. தோளுக்குச் சரியான சைஸ் எடுத்தால் தொப்புளுக்கு மேலே இரண்டு பட்டனுக்கு நடுவில் துணி வாய் பிளக்கிறது. பெருக்கல் குறிபோல் மடிப்பு விழுந்தால் அந்தச் சட்டை சின்னது என்று அர்த்தம். நம்மில் பலர் பெரியதை எடுத்துக்கொண்டு, "லூஸா இருந்தா காத்தோட்டமா இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

போதாததற்கு சைஸ் எண் வேறு குழப்பும். நம் ஊர் கடைகளில் சட்டைக் காலருக்குள் 39, 40, 42 என்று போட்டிருக்கும். மார்புச் சுற்றளவு என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறோம். பெரிய பிராண்டுகள் பலவற்றில் அது கழுத்துச் சுற்றளவு, அதுவும் சென்டிமீட்டரில். 39 என்றால் ஏறக்குறைய 15½ இஞ்ச், 42 என்றால் 16½ இஞ்ச். வேறு சில கம்பெனிகளோ அதே 40, 42-ஐ மார்பின் இஞ்ச் அளவாகப் போடுகின்றன. ஒரு கடையில் 40 சரியாக இருந்தது, இன்னொரு கடையில் 40 இறுக்குகிறது என்றால் உங்கள் உடம்பைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

அடுத்தது கைக்குழி, அதாவது அக்குளைச் சுற்றி வரும் வெட்டு. இதை யாரும் கவனிப்பதில்லை. ரெடிமேட் சட்டை பல விதமான கைகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் கைக்குழியைத் தாராளமாக, கீழே இறக்கி வெட்டுகிறார்கள். போட்டு நிற்கும்போது வசதியாகத்தான் இருக்கும். டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துப் பாருங்கள்: இன் செய்த சட்டை மொத்தமாக மேலே ஏறி, இறங்கும்போது பெல்ட்டுக்கு மேலே பொதியாகத் தொங்கும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை மட்டும்தான் தூக்கும், சட்டை இடத்திலேயே இருக்கும். ட்ரையல் ரூமில் கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதை விட்டுவிட்டு, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. அதில் நான் வாங்கிய ரெடிமேட் தோற்றது.

சரி, டெய்லர் கடைக்கு வருவோம். எங்கள் மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் டேப், காதில் பென்சில். நான் போய் நின்றதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். எல்லா ஆண்களும் செய்வதுதான். டேப்பை இடுப்பில் சுற்றியவர் அப்படியே நின்றார்.

"மூச்ச விடுங்க தம்பி. நான் அவசரப்படல."

விட்டேன். 38 என்று எழுதினார். அப்புறம் பின்னால் போய் நின்று தோளைத் தடவிப் பார்த்தார். "வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு. லேப்டாப் பை அந்தப் பக்கமா மாட்டுறீங்க?" பதினைந்து வருடமாக அந்தப் பக்கம்தான். எந்த ரெடிமேட் சட்டையைப் போட்டாலும் வலது பக்கம் அக்குளுக்கு மேலே ஒரு சாய்ந்த மடிப்பு விழுவது எனக்கு அதுவரை துணியின் குறையாகத்தான் தெரிந்தது. நோட்டில் உயரம் 29, தோள் 18, கை 24½, மார்பு 40, கழுத்து 15½ என்று வரிசையாக எழுதி, ஓரமாக "வ.தோ. ½" என்று குறித்துக்கொண்டார். துணியின் மூலையில் ஒரு துண்டை வெட்டி, பில்லோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். தொப்பை உள்ளவர்களுக்கு முன்பக்கத் துணியை முதுகுப் பக்கத்தைவிட அகலமாக வெட்டுவாராம். ரெடிமேடில் அந்த அளவை மட்டும் கூட்டச் சொல்லி யாரிடம் கேட்பது?

அளவு எடுப்பதிலேயே நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நம் ஊரில் பழைய வழி ஒன்று உண்டு: அளவுச் சட்டை. நன்றாகப் பொருந்தும் ஒன்றைக் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்லிவிடுவது. மதுரை புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் ஓடிய காலத்தில், மீனாட்சி கோயிலுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் சட்டையையும் பேண்ட்டையும் கொடுத்து அச்சு அசலாகத் தைத்து வாங்கிப் போவார்கள். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அளவுச் சட்டையில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதில் இருக்கும் தப்பும் அப்படியே புதுச் சட்டைக்கு வந்துவிடும்.

இதுவரை படித்தால் நான் டெய்லர் கட்சி என்று தோன்றும். காலருக்கு வந்தால் நான் கட்சி மாறிவிடுவேன்.

காலரின் விறைப்பு உள்ளே வைக்கும் கேன்வாஸ் என்ற கெட்டித் துணியில் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளில் அதைச் சரியான சூடும் அழுத்தமும் கொடுக்கும் ஃப்யூசிங் மெஷினில் வைத்துத் துணியோடு ஒட்டுகிறார்கள். தெருமுனை டெய்லர் அயர்ன் பாக்ஸால் தேய்த்து ஒட்டுகிறார். ஒரு இடத்தில் சூடு கூடும், ஒரு இடத்தில் குறையும். பத்து சலவைக்கு அப்புறம் காலரில் அப்பளம்போல் கொப்புளம் கிளம்பினால் காரணம் இதுதான். காலரின் இரண்டு முனையும் ஒரே நீளத்தில், ஒரே கூர்மையில் வருவதும் ரெடிமேடில்தான் நிச்சயம். நான் தைத்த சட்டையில் இடது முனை நூல் அளவு நீளம். வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தினமும் தெரிகிறது.

தையலும் அப்படித்தான். நல்ல ரெடிமேட் சட்டையில் ஒரு இஞ்சுக்குப் பதினாறு, பதினெட்டு தையல்கூட இருக்கும். அவசரத்தில் தைக்கும் கடையில் பத்து வந்தால் அதிகம். பட்டன் ஓட்டையை, அதாவது காஜாவை, சின்ன டெய்லர்கள் பலர் தாங்கள் எடுப்பதில்லை. சட்டைகளைக் கட்டிக் காஜா கடைக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பு காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்துதான் தொழில் பழகுவார்கள். இப்போது அந்தப் பையன்கள் வருவதில்லை. அதனால் சட்டையை வாங்கும்போது காஜாவின் ஓரம் பிசிறு இல்லாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

துணி சுருங்கும் கதையில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் தங்கை கல்யாணத்துக்காக லினன் துணி எடுத்து, வேறொரு கடையில் கொடுத்துத் தைத்தேன். முகூர்த்தத்துக்குப் போட்டபோது எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். முதல் சலவைக்கு அப்புறம் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. இன் செய்தால் உட்காரும்போது வெளியே வந்துவிடும். துணியை நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. ரெடிமேட் சட்டைக்கு வரும் துணியைப் பெரும்பாலும் முன்பே சுருக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் கிளூயெட் என்பவர் 1930-இல் காப்புரிமை வாங்கிய முறை அது. 'சான்ஃபரைஸ்டு' என்று துணியின் ஓரத்தில் அச்சடித்திருப்பது அவர் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த எழுத்து இல்லாத பருத்தியோ லினனோ எடுத்தால், ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறட்டும். அப்புறம் டெய்லரிடம் போகலாம்.

ரெடிமேடில் 'ரிங்கிள் ஃப்ரீ' என்று விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்தி இழைகளை ரசாயனப் பிசினால் பிணைத்துத்தான் கசங்காமல் வைக்கிறார்கள். இஸ்திரி வேலை மிச்சம், உண்மை. ஆனால் துணியின் வலு கொஞ்சம் குறையும், வியர்வையையும் முன்போல் உறிஞ்சாது. சென்னை மே மாதத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காசுக் கணக்கு சுருக்கமாக. முழுக்கைச் சட்டைக்கு 58 இஞ்ச் பன்னா, அதாவது அகலம் உள்ள துணி 1.60 மீட்டர் போதும், 36 இஞ்ச் பன்னா என்றால் 2.25 மீட்டர் வேண்டும். மீட்டர் 500 ரூபாய் என்று வைத்தால் துணிக்கு 800, எங்கள் மாஸ்டரின் கூலி 450, மொத்தம் 1,250. இதே தரத்தில் பிராண்டு சட்டை 2,000-க்குக் குறையாது, தள்ளுபடியில் 1,200-க்குக் கிடைக்கலாம். விலை 2,500-ஐத் தாண்டினால் வரியும் ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள சட்டைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பீரோவில் சும்மா கிடக்கும் பிட்டைத் தைப்பவருக்கு 450-தான் செலவு. மூன்று தடவை கடைக்கு நடப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் தடவை கொடுக்க, இரண்டாம் தடவை "நாளைக்கு வாங்க" கேட்க, மூன்றாம் தடவை வாங்க.

பேண்ட் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆபீஸ் பேண்ட் என்றால் டெய்லர்தான். நல்ல டெய்லர் பின்பக்கத் தையலுக்குள் ஒன்றரை இஞ்ச் துணி விட்டு வைப்பார். பொங்கல் முடிந்து இடுப்பு பெருத்தால் பிரித்துவிடலாம். ரெடிமேடில் பிரிக்க உள்ளே துணி இருந்தால் அதிசயம். ஜீன்ஸைத் தைக்கக் கொடுக்க வேண்டாம். அந்தக் கனமான துணிக்கும் இரட்டைத் தையலுக்கும் வேறு மெஷின் வேண்டும். டி-ஷர்ட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, அது திருப்பூர் சமாச்சாரம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி இருக்கிறது, பலரும் அதை மறந்துவிடுகிறோம்: ரெடிமேட் வாங்கி ஆல்ட்டர் செய்வது. இதற்கு விதி ஒன்றுதான். தோளும் கழுத்தும் பொருந்தும் சைஸை எடுங்கள், மற்றதை டெய்லர் பார்த்துக்கொள்வார். பக்கவாட்டில் பிடிப்பது, முதுகில் இரண்டு டக் (துணியை மடித்துத் தைத்து இறுக்குவது) போடுவது, கை நீளத்தைக் குறைப்பது எல்லாம் நூறு, நூற்றைம்பதில் முடிகிற வேலை. அரைக்கைச் சட்டையின் கை முழங்கை வரை வந்து புனல்போல் விரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோளைக் குறைப்பது மட்டும் வேண்டாம். கையை முழுசாகப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும், சட்டை பழையபடி வராது. ஆனால் தோளுக்குப் பொருந்தும் சைஸில் வயிற்றுக்கு பட்டன் போடவே முடியவில்லை என்றால் இந்த வழியும் அடைத்துவிட்டது. இல்லாத துணியை யாராலும் விரிக்க முடியாது.

அப்படிப் பார்த்தால் ஒல்லியானவர்களுக்கும், உடம்பு சீராக இருக்கும் இளவட்டங்களுக்கும் ரெடிமேடும் நூறு ரூபாய் ஆல்ட்ரேஷனும் போதும். டெய்லரிடம் போனால் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கூடப்போவதில்லை, காலரில்தான் நஷ்டம். தொப்பைக்காரர்கள், ஒரு தோள் இறங்கியவர்கள், கை நீளமானவர்கள், ரொம்ப உயரம் அல்லது ரொம்பக் குட்டை, இவர்களெல்லாம் டெய்லரிடம் போய்த்தான் ஆக வேண்டும். காலருக்கு நான் கண்டுபிடித்த வழி: பழைய நல்ல ரெடிமேட் சட்டை ஒன்றைக் கொண்டுபோய், "காலர் இந்த மாதிரி, கேன்வாஸ் நல்லதா போடுங்க, அம்பது ரூபா கூடக் குடுக்கறேன்" என்று சொல்வது. மாஸ்டர் முறைத்தார். அடுத்த சட்டையில் இரண்டு முனையும் ஒரே நீளத்தில் இருந்தது.

இனி பீரோவில் ஆறு பிட் மீதி. தீபாவளிக்கு என்றால் ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். போன வருடம் பத்து நாள் இருக்கும்போது போனேன். "ஆர்டர் எடுப்பதில்லை" என்ற அட்டை ஷட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாஸ்டர் தலை நிமிராமல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த தீபாவளிக்கும் ரெடிமேட்தான்.